நாலு அறுபது

எண், வடக்கு, கிழக்கு, உயரம், குறி. எண், வடக்கு, கிழக்கு, உயரம், குறி. வரிக்கு ஐந்து விஷயம், நடுவில் நாலு காற்புள்ளி, மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரி. மதுரையிலிருந்து வந்த சர்வே ஆட்கள் சுத்தமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. காலி வரி இல்லை, ஒரே எண் இரண்டு தடவை வரவில்லை, வடக்கும் கிழக்கும் இடம் மாறி உட்காரவில்லை. நான் எதற்கு இருக்கிறேன் பிறகு? மணி இரண்டு நாற்பது. மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சைச் சோறு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. ஏசி சொட்டுகிறது, அடியில் வைத்த வாளி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது, யாராவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், யாராவது என்றால் நான் இல்லை. நாலு மணிக்குள் இந்தக் கோப்பைத் துடைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் இதை மென்பொருளில் ஏற்றுவார், அது புள்ளிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கோணம் முக்கோணமாகத் தைத்து ஒரு தரையை உண்டாக்கும், அந்தத் தரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து அவர் பாலத்துக்கு அகலம் போடுவார். கனகம் நகருக்குத் தெற்கே, இணைப்புச் சாலையில், முன்பே வந்திருக்க வேண்டிய பாலம். புள்ளி இல்லாத இடத்தைப் பற்றி மென்பொருளுக்குக் கவலையே கிடையாது. இந்தக் கரைப் புள்ளியிலிருந்து அந்தக் கரைப் புள்ளிக்கு நேராக ஒரு கோடு இழுத்து, இங்கே தரை இருக்கிறது என்று சத்தியம் பண்ணும். நடுவில் பாதாளமே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஜெயசிங் சார் தலையை மட்டும் நீட்டுகிறார். இந்த அலுவலகத்தின் முதலாளி, பதினொரு வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர். "சுயம்பு, நாலுக்குள்ள போயிரும்லா?" "போயிரும் சார்." போயிரும். போகாமல் எங்கே போகும்.

என் வேலையை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் களையெடுப்பது என்று சொல்வேன். ஆயிரம் புள்ளி முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும், நடுவில் ஒன்று மட்டும் சைபர் என்று நிற்கும். சர்வே ஆள் பொத்தானை அழுத்த மறந்திருப்பார். அதை விட்டுவைத்தால் திரையில் முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு விழும். இன்னொன்று ஈட்டி மாதிரி மேலே குத்திக்கொண்டு நிற்கும். பிடுங்கு, எறி. எனக்குக் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது. கோப்பை மேலிருந்து கீழே ஓட்டினாலே போதும், தப்பு தானாக வந்து கண்ணில் குத்தும். சுயம்புலிங்கத்துக்கு ஒன்றும் தப்பாது என்று ஜெயசிங் சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் தலையைக் குனிந்துகொண்டு, அதெல்லாம் ஒன்றும் இல்லை சார் என்பேன். உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்திருக்கிறேன். வீட்டில் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. "ஒங்களுக்கு யாரு என்ன செஞ்சாலும் தப்பாத்தான் தெரியும்" என்பாள் என் மனைவி லீலா. போன மாதம் சின்னவள் வீட்டுப் படம் ஒன்று வரைந்தாள். வீடு, வாசல், ஒரு பூனை, எல்லாம் சரிதான், கீழே தரைக்கோடு மட்டும் கோணலாகச் சரிந்து கிடந்தது. நான் அழிரப்பரை எடுத்து அதை அழித்து, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "நம்ம தெரு அப்படித்தானப்பா இருக்கு" என்றது. வெளியே போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. தெரு கிழக்கே சரிந்துதான் போகிறது, எட்டு வருஷமாக அதில்தான் வண்டியை நிறுத்துகிறேன், உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துகிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது. வரி ஆயிரத்து நூறு. தரை, தரை, தரை, மின்கம்பம், தரை, வேலி, தரை.

ஓடை அடி. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது வரி. முப்பத்தைந்து ஐம்பத்திரண்டு, ஓடை அடி. அடுத்தது முப்பத்தைந்து ஐம்பது, ஓடை அடி. அடுத்ததும் ஓடை அடி. மதுரைக்காரர்கள் குறியை விட்டுவிடாமல் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறார்கள், படித்த பிள்ளைகள். இரண்டு பக்கமும் தரை முப்பத்தெட்டு அறுபது. மூன்று மீட்டர் பள்ளம். கைவிரல் தானாக மவுஸை விட்டுவிட்டது. மூன்று மீட்டர். மூன்று மீட்டரும் ஒரு பத்து சென்டிமீட்டரும். இந்த எண்ணை எனக்குத் தெரியும், இதை நான் என் கையால் அடித்திருக்கிறேன். தெரியாத மாதிரி அடுத்த வரிக்குப் போகலாம். போகிறேன். தரை, தரை, ஓடை அடி. மூன்று வருஷத்துக்கு முந்தின பங்குனி அது, இதே நாற்காலி, இதே இடம், இதே கனகம் நகர், சர்வே எடுத்தது மட்டும் பேச்சிமுத்து. அன்றைக்குப் பேச்சிமுத்துதான் இந்த அலுவலகத்துக்கு சர்வேயர். அவன் கோப்பில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு வரை, பதினேழு புள்ளி, எல்லாம் இரண்டு மூன்று மீட்டர் கீழே. குறியில் ஓடை என்று இல்லை. தரை என்றே இருந்தது. அவன் குறி மாற்றவே மாட்டான், சோம்பேறி, காலையில் தரை என்று வைத்தால் பொழுது சாயும் வரை தரைதான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன், சீமைக் கருவேலம் பச்சையாக மூடிக் கிடந்தது, பள்ளம் எதுவும் தெரியவில்லை. பிறகு கருவியின் மூலக்கோப்பைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பின் உயரம் பதிவாகியிருக்கும். ஒருவர் கருவியில் கண் வைத்துப் பார்ப்பார், இன்னொருவர் கண்ணாடி பொருத்திய கம்பைப் புள்ளியில் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பு சாதாரணமாக ஒன்று ஐம்பது மீட்டர். மறைப்பு இருந்தால் நாலு அறுபது வரை நீட்டலாம், நீட்டினால் கருவியிலும் அந்த எண்ணை மாற்றிப் போட வேண்டும், சுருக்கினால் திரும்ப மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் தரை மேலேயோ கீழேயோ மூன்று பத்து ஓடிவிடும். அந்தப் பதினேழு புள்ளியிலும் நாலு அறுபது என்று இருந்தது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கம்பைச் சுருக்கிவிட்டான், எண்ணை மாற்ற மறந்துவிட்டான். ஏற்கனவே ஒரு தடவை, வேறொரு வேலையில், இதே தப்பைச் செய்தவன்தான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பெயரைத் தேடி எடுக்கவும் செய்தேன். அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் வைத்து அவன் எல்லோர் முன்னாலும், "சுயம்பு சார் பாக்குத பூமியில முள்ளே கெடையாதுல்லா, ஏசியில வெளஞ்ச பூமி" என்று சொல்லி, அத்தனை பேரும் சிரித்து, டீ ஆற்றுகிறவர் வரைக்கும் சிரித்து, நானும் சிரித்து வைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். பதினேழு வரியையும் தேர்ந்தெடுத்து மூன்று பத்தைக் கூட்டினேன். ஒரு நிமிஷ வேலை. பள்ளம் எழுந்து தரையோடு தரையாக வந்து படுத்துக்கொண்டது. நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் துருத்தி நின்றது, மண்குவியலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. கோப்போடு போகும் குறிப்பில், கம்பு உயரப் பிழை, பதினேழு புள்ளிகள், திருத்தப்பட்டது என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் கை இல்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் சொன்னேன், யாரும் கேட்கவில்லையே. குளிக்கும்போது சொல்வேன், வண்டி ஓட்டும்போது சொல்வேன். வரைபடத்தில் ஓடை இல்லை, ஆகவே பாலம் இல்லை. ஒப்பந்தக்காரர் இடத்தில் பள்ளத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், படத்தில் இல்லாததால் பத்திருபது லோடு மண்ணைக் கூடுதலாகக் கொட்டி மூடினார், மேலே சாலை போட்டார். அவராவது கேட்டிருக்கலாம். எல்லோரும் கேட்டிருக்கலாம். சாலை நன்றாகத்தான் இருந்தது, நானே ஒரு தடவை லீலாவை வைத்துக்கொண்டு அதில் போனேன். பிறகு போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் மூன்று நாள் விடாமல் மழை. தண்ணீர் வழக்கமாகப் போகிற வழியில் வந்து சாலையில் முட்டி, வழியில்லாமல் திரும்பிக் கனகம் நகருக்குள் ஏறியது. விடியற்காலம் கழுத்தளவு. எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். ஞானசுந்தரி என்று ரிட்டயரான டீச்சர் ஒருவர், ஏறினவர், மருந்துப் பையை எடுக்கத் திரும்பக் கீழே போனார். வரவில்லை. சாலையை வெட்டி, கொட்டின மண்ணை ஓடையின் அடிவரை அள்ளின பிறகுதான் தண்ணீர் வடிந்தது. மறுநாள் பேப்பரில் சின்னதாகப் போட்டோ போட்டிருந்தார்கள், கண்ணாடி போட்ட முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. நான் பேப்பரை மடித்துப் பழைய கட்டோடு வைத்துவிட்டேன். அந்த வாரமே ஜெயசிங் சார் பேச்சிமுத்துவை வரச் சொன்னார். இதே கண்ணாடி அறை, நானும் உள்ளே இருந்தேன். சர்வேயில் ஓடையே வரவில்லை என்றார் சார். "எடுத்தேன் சார், எறங்கி எடுத்தேன்" என்றான் அவன். சார் என்னுடைய குறிப்பை எடுத்து மேசையில் போட்டார். "கம்பு உயரத்துல பதினேழு எடத்துல தப்பு பண்ணி, அதை சுயம்பு உக்காந்து திருத்தியிருக்காரு. இந்த லட்சணத்துல ஒம்ம சர்வேய நம்ப முடியுமாவே?" பேச்சி அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எந்தப் பதினேழு?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எந்தப் பதினேழு. "எதுவா இருந்தா என்னவே" என்றார் சார். என் முன்னால் ஒரு பேனா மூடி கிடந்தது, நான் அதைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை மூடி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று சாயங்காலம் அவன் வேலை போய், பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது எனக்குப் பழைய கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். பதினாலு மாதமாக நாளைக்கு.

மணி மூன்று பத்து. வாளி நிரம்பித் தரையில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. எழுந்துபோய் வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன். திரும்பி உட்கார்ந்ததும் பழைய கோப்புறையைத் திறந்துவிட்டேன், இரண்டாவது யோசனைக்கு இடம் கொடுத்தால் திறக்க மாட்டேன் என்று தெரியும். பேச்சிமுத்து கொடுத்தபடியே, நான் கைவைக்காத மூலக்கோப்பு. அந்தப் பதினேழை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய தரையின் மேல் போட்டேன். மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் வித்தியாசத்தை எழுதியது. இரண்டு சென்டிமீட்டர். நாலு. ஒன்று. மூன்று. மூன்று வருஷ மழைக்கும் மண்ணுக்கும் அந்த வித்தியாசம் கூட இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். முள்ளுக்குள் இறங்கி ஒருவன் கம்பை நட்ட இடங்கள் இவை, கம்பு நாலு அறுபதுக்கு நீண்டுதான் இருந்திருக்கிறது, பள்ளம் பள்ளமாகத்தான் இருந்திருக்கிறது. பத்தாவது புள்ளியில் மட்டும் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் என்று வந்தது. ஆயிரத்து நானூற்று இருபத்தொன்று. மற்றதெல்லாம் பொருந்தி, இது மட்டும் ஒரு மீட்டர் கிட்ட மேலே நிற்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பார், இதில் தப்புப் பண்ணியிருக்கிறான், ஒன்றில் தப்புச் செய்தவன் எல்லாவற்றிலும் செய்திருக்க மாட்டானா, நான் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது அல்லவா? பதினாறு புள்ளி எதிரே நின்று என்னைப் பார்க்கிறது, நான் ஒரே ஒரு புள்ளியின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். யாருக்கும் தெரியாது, அதுதான் விஷயம். மூலக்கோப்பு இந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அழித்தால் தீர்ந்தது. அழிக்கக்கூட வேண்டாம், மூடினால் போதும். புதிய கோப்பு சரியாக இருக்கிறது, பாலம் வரும், தண்ணீர் போகும். சொல்லி என்ன ஆகப்போகிறது, டீச்சர் எழுந்து வரப்போகிறாரா? சொன்னால் ஜெயசிங் சார் முகம் எப்படிப் போகும், நாளைக்கு இந்த நாற்காலி இருக்குமா, லீலாவிடம் என்ன சொல்வது, சின்னவளிடம். சென்னைக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைத் திறந்து குறிப்பு எழுதினேன். பிழை எதுவும் இல்லை, அப்படியே அனுப்பப்படுகிறது. அதன் கீழே, முந்தைய சர்வேயில் இந்த ஓடை எடுக்கப்பட்டிருந்தது, அந்தப் பதினேழு புள்ளிகளின் உயரத்தை மாற்றியது நான், சுயம்புலிங்கம், என்று அடித்தேன். ஜெயசிங் சாருக்கும் நகல் போகும்படி பெயரைச் சேர்த்தேன். பிறகு அந்த வரியை அழித்தேன். திரும்ப அடித்தேன். மாற்றியது நான் என்பதை மாற்றப்பட்டது என்று ஆக்கினேன். அப்படிப் போட்டால் மாற்றியவனே ஆள் இல்லை, வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். அதையும் அழித்தேன். மூன்று முப்பத்தைந்து. அந்தப் பத்தாவது புள்ளி மட்டும் ஏன் மேலே நிற்கிறது? அதை அவனிடம் கேட்டால் தெரியும். அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கப் போகிறேன், அதுவும் என் தலையைத் தப்பிக்க வைக்கிற ஆசையில். போனில் பெயர் இன்னும் பேச்சி சர்வே என்றே இருந்தது. எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சுயம்பு சாரா? என்ன சார் அதிசயமா!" பின்னால் மரம் அறுக்கிற சத்தம். எப்படி இருக்கீங்க, வேலையெல்லாம் எப்படிப் போகுது என்று ஏதோ கேட்டேன். "ஓடுது சார். மரக்கடையில லோடு ஏத்தி எறக்குதேன். ஒமக்குத்தான் அளவு தெரியுமே, டேப்பப் பிடியும்வேன்னாரு மொதலாளி. மாட்டேன்னுட்டேன். தூக்கச் சொல்லுங்க, தூக்குதேன். அளவு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்னேன்." சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. "நானே ஒங்களுக்குப் போன் போடணும்னு நெனச்சிருக்கேன் சார். ஒரு மாப்பு கேக்கணும்னு." என்னத்துக்கு என்றேன். சத்தமில்லாத இடத்துக்கு நடந்துபோகிறான் போல, அறுப்புச் சத்தம் குறைந்தது. "அந்த ஓடைக்குத்தான். நான் எறங்குனேன் சார், அது சத்தியம். கம்பு பிடிக்கித மாசானத்துக்குக் கால்ல முள்ளு ஏறி நடக்க முடியல. அவரக் கருவிகிட்ட நிப்பாட்டிட்டு கம்ப நான் தூக்கிட்டுப் போனேன். கீழ எறங்குனா முள்ளு மறைக்கி, அதான் முழுசா நீட்டுனேன். நாலு அறுவது போடும்வேன்னு கத்துனேன். அவரு காதுல விழல போல. ஒண்ணு அம்பதுலயே எடுத்துட்டாரு. பள்ளம் அப்படியே தரைமட்டத்துக்கு வந்துருச்சு. மேல ஏறி வந்து நான் ஒரு தடவ கருவியப் பாத்திருக்கணும் சார். பாக்கல. அந்த ஒரு பார்வ பாத்திருந்தா டீச்சரம்மா இருந்திருப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "மாசானத்த நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டுட்டேன். பதினஞ்சு வருசமா எங்கூடக் கம்பு பிடிச்ச மனுசன். இப்பம் எதுக்க வந்தா தெரு மாறிப் போறாரு."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கம்பு நீண்டிருந்து கருவியில் ஒன்று ஐம்பது என்று கிடந்தால் தரை மூன்று பத்து மேலே வரும், ஓடை மறைந்துபோகும். நான் செய்த வேலையைச் செய்ய அவன் கணக்கில் நானே தேவைப்படவில்லை. தானாகவே ஒரு தப்பைக் கண்டுபிடித்து, தன் மேல் ஒரு பங்கும் மாசானம் மேல் ஒரு பங்கும் போட்டு, பதினாலு மாதமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறான். நான் சொல்ல வேண்டியது, சரி விடுங்க பேச்சி, நடந்தது நடந்துபோச்சு. ஐந்து வார்த்தை. பெரிய மனுஷன் என்ற பெயரும் கிடைக்கும். வாயைத் திறந்தேன். "பேச்சி, அந்த ஓடையில பத்தாவதா எடுத்த புள்ளி ஒண்ணு மட்டும் ஒரு மீட்டர் மேல நிக்கே" என்றேன். "பத்தாவதா?" என்று யோசித்தான், ஒரு மூச்சு அளவுதான். "அது பாறைலா சார். நடு ஓடையில மாட்டுத் தல மாதிரி ஒண்ணு கெடக்கும். சுத்தி முள்ளு, கால் வைக்க எடமில்ல, அது மேல ஏறி நின்னுதான் கம்ப வச்சேன். ஏன் சார், அந்தப் புள்ளி ஒங்க கையில எப்படி? சர்வேயில ஓடையே வரலன்னாரே ஜெயசிங் சார்."

நான் கட்டிக்கொண்டிருந்த கால் அதுதான், அதுவும் போயிற்று. "கருவியில நாலு அறுபதுன்னுதான் இருக்கு பேச்சி" என்றேன். "பதினேழுலயும். மாசானம் காதுல விழுந்திருக்கு. சரியாத்தான் போட்டிருக்காரு. ஒங்க ஓடை சரியாத்தான் வந்திருக்கு, புதுசா எடுத்ததுக்கும் ஒங்களதுக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்." போன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. "நீங்க எண்ண மாத்த மறந்துட்டீங்கன்னு நெனச்சு மூணு பத்து கூட்டுனது நான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல."

"எந்தப் பதினேழுன்னு அன்னைக்குக் கேட்டேன்லா சார்?"

"கேட்டீங்க."

"நீங்க பேசல."

"பேசல."

மூச்சு மட்டும் கேட்டது. ஏசுவான் என்று காத்திருந்தேன், ஏசினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் ஏசவில்லை. "ஜெயசிங் சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்று சொல்ல வந்தேன். மின்னஞ்சலில் அழித்த வாக்கியத்தைத் திரும்ப அடித்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்ததில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தவில்லை. மாற்றியது நான் என்றே போட்டேன். பேச்சியின் மூலக்கோப்பையும் சேர்த்து அனுப்பினேன். தனியாக இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அவன் மூச்சு காதில் விழுந்துகொண்டிருந்ததால் அனுப்பினேன். "இப்பம் தெரியும்" என்றேன். கண்ணாடி அறைக்குள் சாரின் தலை திரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"மாசானம் வீட்டுக்கு இன்னைக்கே போணும்" என்றான் பேச்சி, தனக்குத்தானே சொல்வது மாதிரி. பிறகு குரல் மாறிப் போயிற்று. "டீச்சரம்மா போட்டோவ பேப்பர்ல இருந்து வெட்டி பர்சுல வச்சிருக்கேன் சார். காலையில கடைக்கு வந்ததும் ஒரு தடவ எடுத்துப் பாப்பேன். பாக்காம வேலையத் தொடங்க மாட்டேன். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அப்பம் அத நான் இனிமே என்ன செய்ய?"

கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜெயசிங் சார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

"எங்கிட்ட குடுத்துருங்க பேச்சி" என்றேன். "கடை எத்தன மணிக்கு அடைப்பீங்க?"

"ஆறு மணி சார்" என்றான். "வாங்க. நான் இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."